டாக்டர் ஓட்டிய வண்டி

மார்ச் 2, ஞாயிறு

மச்சான் வீட்டில் மதியச் சாப்பாடு. பிரியாணி சுமார். பேச்சு அதைவிடச் சுமார். என் மனைவி சுகந்தியின் அண்ணன் பாலமுரளி போன மாதம் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் தன் புது ஜெர்மன் காரை ஓட்டினாராம். ஒரு சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடித்தாராம். இதை சூப்புக்கு முன்னால் ஒருமுறை, பிரியாணிக்கு நடுவில் ஒருமுறை, கை கழுவும்போது ஒருமுறை சொன்னார். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் கார், பிரேக்கைத் தானே அளந்து போடும் கார். அதற்குள் உட்கார்ந்திருந்ததற்குப் பெயர் ஓட்டியதாம். லாரியில் பார்சல்கூடத்தான் போகிறது. அது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

"நீங்களும் ஒரு காலத்துல ஓட்டுனீங்கல்ல மாப்ள" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஒரு காலத்தில். அதே டிராக்கில் நான் மூன்று கோப்பை வாங்கியவன். இருபத்தொன்பது வயதில் அப்பா கூப்பிட்டு மோட்டார் பம்பு பட்டறையில் உட்கார வைத்தார், உட்கார்ந்தேன். போன வருடம்தான் பட்டறையை விற்று எழுந்தேன். வயது ஐம்பத்தேழு. ஏப்ரல் 6 அன்று செட்டிபாளையத்தில் பொதுநாள். யாரும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டலாம். சாப்பிட்ட கையோடு பெயர் கொடுத்துவிட்டேன். பழைய வண்டி ஒன்று வாங்கி, கையால் கியர் மாற்றி, அந்த ஒன்றரை நிமிடத்தை உடைக்காவிட்டால் என் பெயர் கிருபாகரன் இல்லை.

பார்க்கிற வண்டிகளைக் குறித்து வைக்கத்தான் இந்த டைரி. மற்றபடி எனக்கு டைரி எழுதுகிறவர்களைக் கண்டால் ஆகாது.

மார்ச் 5, புதன்

சிங்காநல்லூர் புரோக்கர் ஆரோக்கியசாமி முதல் வண்டியைக் காட்டினான். வெள்ளி நிறம், இரண்டு கதவு.

"டாக்டர் ஓட்டுன வண்டிங் சார். சிங்கிள் ஓனர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தானுங் போகும்."

இந்த ஊரில் விற்கிற பழைய வண்டி எல்லாமே டாக்டர் ஓட்டியதுதான். அத்தனையும் நிஜமென்றால் டாக்டர்களுக்கு நோயாளியைப் பார்க்க நேரமே இருந்திருக்காது. முன்சீட்டுக்குக் கீழே விரிப்பைத் தூக்கினேன். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, அதன் இடுக்கில் மாவு போல வண்டல். சென்னை வெள்ளத்தில் கழுத்துவரை நின்ற வண்டி.

"எந்த டாக்டர்ப்பா, மீனுக்குப் பாக்கறவரா?" என்று கேட்டேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

இருந்தாலும் நீலாம்பூர் வரை ஓட்டிப் பார்த்தேன். இடது கையைக் கியர்க் குமிழில் வைத்தால் குமிழ் ஓயாமல் நடுங்குகிறது. என்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் செத்துப் போயிருக்கிறது. சொன்னேன். "என்னங் சார்? கேக்கலைங்" என்றான். மூன்று தரம் சொன்ன பிறகுதான் கேட்டது. வண்டியும் சரியில்லை, புரோக்கருக்குக் காதும் சரியில்லை.

டிராக்குக்கு வேகமான வண்டி தேவையில்லை. உடையாத வண்டிதான் தேவை. இருபது நிமிடம் வெயிலில் விரட்டினாலும் என்ஜின் சூடேறக்கூடாது, பிரேக் தளரக்கூடாது. குதிரைத்திறனைப் பார்த்து வாங்குகிறவன் டிராக்கில் கழிக்கிற நேரத்தைவிட டோயிங் வண்டிக்காகக் காத்திருக்கிற நேரம் அதிகம். இதை மச்சானிடம் சொல்லிப் பயனில்லை.

மார்ச் 6, வியாழன்

சுகந்தி இந்தப் பக்கங்களை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எழுத்து வர வர எறும்பு ஊர்ற மாதிரி ஆயிட்டு வருது" என்கிறாள். பேனா சரியில்லை. இப்போதெல்லாம் யார் ஒழுங்காகப் பேனா செய்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாவது வண்டி, சிவப்பு. இதுவும் டாக்டர் ஓட்டியதாம். "பல் டாக்டருங்" என்று இந்த முறை விவரமும் சேர்த்துக்கொண்டான். சுகந்தியும் வந்திருந்தாள். அவள் கிணத்துக்கடவு பள்ளியில் வேதியியல் டீச்சர். தினமும் தன் சின்னக் காரில் ஐம்பதைத் தாண்டாமல் போய், ஐம்பதைத் தாண்டாமல் வருகிறவள். வளைவைக் கண்டால் ஹாரன் அடிப்பாள், எதிரில் ஆள் இருக்கிறதோ இல்லையோ. வண்டி பார்க்க இவளைக் கூட்டிப்போவது ஜவுளிக்கடைக்கு நான் போவது மாதிரி.

பானெட் திருகுகளில் ஸ்பேனர் பட்ட தடமில்லை. எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற கசடு இல்லை. நாலு டயரும் ஒரே வருடத்தவை. பரவாயில்லையே என்று நினைத்து ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன்.

"ஏதோ கருகுதுங்க" என்றாள் சுகந்தி.

"ஒண்ணும் கருகல."

"கிளட்ச் தட்டு கருகற வாடைங்க. மூக்கைத் துளைக்குது. உங்களுக்கு வரலையா?"

எனக்கு ஒரு வாடையும் வரவில்லை. இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூட லேபில் அமிலத்தை மோந்தவளுக்கு எல்லாமே கருகுகிற வாடைதான் அடிக்கும். ஆரோக்கியசாமி மட்டும் "ஆமாங் மேடம்" என்று தலையாட்டினான். அம்மாவுக்கு ஐஸ் வைக்கிறான். கடைசியில் வண்டிக்குச் சொந்தக்காரனே கிளட்ச் தேய்ந்திருப்பதை ஒப்புக்கொண்டான். தற்செயல்.

இதிலும் கியர்க் குமிழ் நடுங்குகிறது. இதிலும் மவுண்டிங்.

மார்ச் 10, திங்கள்

அடுப்படி மேஜையிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, கருகி, பாத்திரம் கரியாகிவிட்டது. சுகந்தி மாடியிலிருந்து ஓடிவந்து அணைத்தாள். கருகினால் வாடைகூட வராத பாலை விற்கிறான்கள்.

மார்ச் 12, புதன்

ஒரு கல்யாணத்துக்குத் தாமதம். டெய்லர் புதுச் சட்டையில் பொத்தான் துளைகளை எறும்புக்கு அளவெடுத்த மாதிரி தைத்திருக்கிறான். கடைசி இரண்டு பொத்தானை சுகந்தி போட்டுவிட்டாள். ஒன்றும் பேசாமல் போட்டாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மண்டபத்தில் மச்சான். "என்ன மாப்ள, வண்டி சிக்குச்சா?" வாயெல்லாம் பல்.

மார்ச் 16, ஞாயிறு

மூன்றாவது, வெள்ளை. போன வாரமே ஓட்டிவிட்டு மவுண்டிங் சரியில்லை என்று திருப்பி அனுப்பியது. ஆரோக்கியசாமி புது மவுண்டிங் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

"இப்பப் பாருங் சார். வெண்ணெய் மாதிரி இருக்குங்."

திருச்சி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். கையைக் குமிழில் வைத்தேன். அதே நடுக்கம். ஓரமாக நிறுத்தி, போட்டது போலி ரப்பர் என்றேன். அவன் எட்டித் தன் கையைக் குமிழில் வைத்துப் பார்த்தான். என்ஜினை ஏற்றச் சொல்லி மறுபடி பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங் சார்."

"உனக்கு எப்படித் தெரியும். காதே கேக்காது."

அவன் என் கையைப் பார்த்தான். பிறகு வெளியே பார்த்தான். டீக்கடையில் யாரோ வடை வாங்கிக்கொண்டிருந்ததை ரொம்ப நேரம் பார்த்தான்.

"சார், ரேஸ்கோர்ஸ் ஏரியாவுல ஒரு வண்டி இருக்குதுங். டாக்டர் வண்டி."

சிரித்துவிட்டேன்.

"இது நெசமாவே டாக்டருங் சார். லேடி டாக்டர். டிராக்லயே ஓட்டுவாங்க."

"என்ன டாக்டர்? கண்ணா, காதா?"

"நரம்புங்" என்றான், இன்னும் வடையைப் பார்த்துக்கொண்டே.

மார்ச் 20, வியாழன்

குடும்ப வாட்ஸப் குழுவில் மச்சான் ஹெல்மெட்டோடு ஒரு படம் போட்டிருக்கிறார். பூசணிக்காய்க்குக் குல்லா வைத்த மாதிரி. பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். அதில் சுகந்தியும் ஒருத்தி.

மார்ச் 23, ஞாயிறு

பச்சை வண்டி பார்த்தேன். சரியில்லை.

மார்ச் 24, திங்கள்

மாடிக் குழாய் ஒழுகியது, வாஷர் மாற்றினேன். முருங்கைக்காய் வாங்கினேன், முற்றல். இரும்புக் கடைக்காரன் பழைய பேட்டரியை எடுத்துப் போனான். சாயங்காலம் சுகந்தி, "பச்சை வண்டிக்கு என்னங்க கேடு?" என்று கேட்டாள். மவுண்டிங் என்றேன். "மறுபடியுமா?" என்றாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

மார்ச் 25, செவ்வாய்

பேனா மாற்றினேன். பயனில்லை.

மார்ச் 26, புதன்

ஞாயிறன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அந்த டாக்டரின் பெயர் தாட்சாயணி. ஐம்பது வயதிருக்கும். ஜப்பானில் செய்த இரண்டு சீட்டுப் பச்சை வண்டி, பதினைந்து வருடப் பழையது. வாசலில் நின்றதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இதுதான் வண்டி. என்ஜின் சின்னது, எடை குறைவு, உடைகிறதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை. பிரேக் எண்ணெயை வருடத்துக்கு இரண்டு தரம் மாற்றியிருக்கிறார். கதவு இடுக்குகளில்கூட அழுக்கில்லை. மதுரைக்கு மாற்றலாகிப் போகிறாராம், அங்கே டிராக் இல்லையாம், அதனால் விற்கிறார்.

"நீங்க எதுல ஓட்டுனீங்க சார்?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ, அந்தக் காலம்" என்றார். எனக்கு ஈடாகப் பேசக்கூடிய ஆள் என்று புரிந்தது. ஆரோக்கியசாமி, "நான் இங்கயே நிக்கறனுங்" என்று வாசலிலேயே நின்றுகொண்டான்.

ஓட்டினேன். டாக்டர் பக்கத்தில். அருமையான வண்டி. நேர்ச் சாலையில் கையைக் குமிழில் வைத்தேன், நடுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இந்த வண்டியிலுமா என்று.

"மவுண்டிங் போயிருக்குதுங்க டாக்டர்" என்றேன்.

"ஓரமா நிறுத்துங்க. என்ஜின் ஓடட்டும். கியர்லருந்து கைய எடுங்க."

எடுத்தேன்.

"இப்பக் குமிழப் பாருங்க."

குமிழ் கல்லில் நட்ட மாதிரி நின்றது.

"கைய மடியில வைங்க. இப்பக் கையப் பாருங்க."

பார்த்தேன். கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசி உரசி, பீடி சுற்றுகிறவன் கை மாதிரி, தானாக ஆடிக்கொண்டிருந்தது. நான் ஆட்டவில்லை. நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை.

"மவுண்டிங் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். குரலில் கேலி இல்லை. வாடை தெரியாமல் போகிறதா, எழுத்து சிறுத்துவிட்டதா, பொத்தான் போடக் கஷ்டமா, பேசினால் கேட்கவில்லை என்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். என் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாதிரி கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

வீட்டு வாசலில் சாவியைக் கொடுத்தேன். "வியாழக்கிழமை ஓ.பி. இருக்கு. வண்டி பாக்கறதுன்னா சாயங்காலம் வாங்க. கையக் காட்டறதுன்னா காலைல வாங்க" என்றார்.

இதை இன்று சுகந்தியிடம் சொன்னேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"தீபாவளியிலருந்தே பாத்துட்டுத்தானுங்க இருக்கேன். நடக்கையில இடது கை வீசறதே இல்ல உங்களுக்கு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பேனா சரியில்ல, டெய்லர் சரியில்ல, பால்காரன் சரியில்ல. நாலாவதா என்னையுஞ் சேத்துக்குவீங்க."

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

மார்ச் 27, வியாழன்

காலையில் போனோம். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், என் மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பார்க்கின்சன். ஆரம்ப நிலை. மருந்து இருக்கிறது, வருடக்கணக்கில் நன்றாக இருக்கலாம், உடற்பயிற்சி செய்யவேண்டும், பெரிய எழுத்தில் எழுதிப் பழகவேண்டும், சத்தமாகப் பேசிப் பழகவேண்டும்.

"டிராக்?" என்று கேட்டேன்.

"ரோட்டுல ஓட்டறதப் பத்தி ரெண்டு மாசம் கழிச்சுப் பேசலாம். டிராக் வேண்டாம் சார்."

"ஏப்ரல் ஆறு மட்டும்."

"நீங்க வண்டிய மூணு வாரமாச் சோதிச்சீங்களே. மவுண்டிங் போன வண்டியில நீங்க போவீங்களா?"

ஆரோக்கியசாமிக்குச் சொல்லத் தோன்றாத பதில். கோபத்தில் மருந்துச் சீட்டை வாங்காமலே எழுந்துவிட்டேன். சுகந்தி வாங்கிக்கொண்டு வந்தாள்.

வரும் வழியில் அவள் பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் இரட்டைக் கோடு நோட்டு வாங்கினாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது. அட்டையில் முயல் படம். இரண்டு கோட்டுக்கு நடுவில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். ஐம்பத்தேழு வயதில் முயலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

டிராக் ஆபீசுக்குப் போன் செய்து பெயரை எடுத்துவிடச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

"எடுக்க வேண்டாமுங்க. மாத்திக் குடுங்க" என்றாள் சுகந்தி.

"யாரு பேருக்கு?"

அவள் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

எனக்கு வந்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. ஐம்பதைத் தாண்டினால் ஆக்சிலரேட்டருக்கு வலிக்கும் என்று நினைப்பவள். பார்க்கிங்கில் நிறுத்தும்போதும் இண்டிகேட்டர் போடுகிறவள். இவள் டிராக்கில் ஓட்டினால் பின்னால் வருகிறவர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வரலாம். இத்தனையும் அவளிடமே சொன்னேன்.

"சரிங்க. அண்ணனுக்கு என்ன சொல்லப் போறீங்க? வண்டி கெடைக்கலைன்னா?"

ஆரோக்கியசாமிக்குப் போன் செய்தேன். பச்சையை முடித்துவிடு என்றேன். இந்தத் தடவை முதல் தரத்திலேயே அவனுக்குக் காது கேட்டது.

ஏப்ரல் 2, புதன்

வண்டி வந்தது. கோயில் வாசலில் கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி நசுக்கினாள். பிறகு பொள்ளாச்சி ரோட்டில் பாடம். கிளட்சை எப்போது விடுவது, வளைவுக்கு முன்பே எப்படி பிரேக் முடித்துவிடுவது. மூன்றாவது கியரில் அறுபது போனாள். வியர்த்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

ஆரோக்கியசாமி கமிஷன் வாங்கிக்கொண்டு, "நல்லாருங் சார்" என்றான். வழக்கமாக அவன் வண்டியைத்தான் அப்படி வாழ்த்துவான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

செட்டிபாளையம். ஒன்பது மணிக்கே வெயில். பரிசோதிக்கிறவர் வண்டியைச் சுற்றி வந்து, முன்னால் தொங்கிய எலுமிச்சை மிளகாய்க் கயிற்றை மட்டும் அவிழ்க்கச் சொன்னார். வேறு குறை சொல்ல அவருக்குக் கிடைக்கவில்லை.

மச்சான் தன் ஜெர்மன் பார்சலோடு நின்றிருந்தார். சுகந்தி ஹெல்மெட்டோடு வலது பக்கம் ஏறுவதையும் நான் இடது பக்கம் ஏறுவதையும் பார்த்தார். "என்ன மாப்ள, டிரைவர் போட்டுட்டீங்களா?" என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். நான் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு வாரமாக வெளியே போனால் அப்படித்தான் உட்காருகிறேன்.

முதல் சுற்று பற்றி எழுத ஒன்றுமில்லை. பேருந்து முந்தியிருக்கும். முதல் வளைவு வந்தது. சுகந்தி ஹாரன் அடித்தாள். டிராக்கில், எதிரில் யாரும் வரவே முடியாத ஒருவழித் தடத்தில், என் மனைவி வளைவுக்கு ஹாரன் அடித்தாள். கூடவே இண்டிகேட்டரும் போட்டாள். கொடி பிடித்திருந்தவர் கொடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு முன் நான் கோப்பை வாங்கிய இடத்தில் இப்படியொரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

இரண்டாவது சுற்று. நேர்த்தடத்தில் என்ஜின் கத்த ஆரம்பித்தது.

"மாத்து" என்றேன்.

"என்னங்க? கேக்கல" என்றாள்.

"மாத்து."

"ஹெல்மெட்டுங்க. சத்தமாச் சொல்லுங்க."

"மாத்துடீ" என்று கத்தினேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இந்த வருடத்தில் என் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வந்ததே இல்லை. அவள் நான்காவதில் போட்டாள், வண்டி பாய்ந்தது. பிரேக் என்று கத்தினேன், பிடித்தாள். விடு என்று கத்தினேன், விட்டாள். வளைவு எங்கள் பக்கம் வந்து வழிவிட்டது. கடைசி வளைவுகளில் ஹாரன் இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமாக, லேபில் பிள்ளைகள் எதையோ வெடிக்கவைத்த மாதிரி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படியும் எழுதத் தெரியவில்லை.

மச்சானின் ஒன்றரை நிமிடம் பத்திரமாக இருக்கிறது. அதன் பக்கத்தில்கூட நாங்கள் போகவில்லை.

உள்ளே வந்து நிறுத்தினோம். சூடான என்ஜினை உடனே அணைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன், ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கை கியர்க் குமிழின் மேல் இருந்தது. அந்தக் கையையே பார்த்தேன். கொஞ்சம்கூட அசையவில்லை. வெள்ளியும் சிவப்பும் வெள்ளையும்கூட இப்படித்தான் நின்றிருக்கும். ஆரோக்கியசாமி பாவம், நல்ல ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு நல்ல ரப்பர் போட்டிருக்கிறான்.

மச்சான் சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தேன். மடியில் வைத்தேன். அது தன் பாட்டுக்கு பீடி சுற்ற ஆரம்பித்தது. மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

பார்க்கட்டும். சுகந்தியிடம் இன்னொரு சுற்று என்றேன், சத்தமாக.